“உட்கார்ந்து கை காலை ஆட்டுவதுதானே?” – பராமரிப்பு இல்ல நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லங்களையும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களையும் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

நாற்காலி யோகா வகுப்புக்கு இனி ஆசிரியர் வேண்டாம், கூடத்து டிவியில் 20 நிமிட வீடியோவைப் போட்டுவிட்டால் போதும் என்று உங்களில் பலர் முடிவெடுத்து வருகிறீர்கள். சொல்லப்படும் காரணம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: “உட்கார்ந்த இடத்திலேயே கை காலை ஆட்டுவதுதானே, இதற்கு எதற்குத் தனியாக ஓர் ஆள்?” தியானத்துக்கும் அதே பதில்தான்: “கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதுதானே, ஆப் இருக்கிறதே.”

இந்த “தானே”வை எதிர்த்துத்தான் இந்த மடல். எழுதுகிறவர்கள் இந்த வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்கள். வேலை போகிறதே என்று எழுதுகிறார்கள் என நீங்கள் நினைக்கலாம். அந்த வருத்தமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கீழே இருப்பதில் ஒரு வரியைக்கூட எங்களை நம்பி ஏற்க வேண்டியதில்லை. உங்கள் இல்லத்துக்கு வந்துபோகும் பிசியோதெரபிஸ்டிடமோ மருத்துவரிடமோ காட்டிக் கேளுங்கள்.

முதலில் ஒரு தப்புக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். பாய் விரித்துச் செய்யும் யோகாவைவிட நாற்காலி யோகா எளிது, ஆகவே மேற்பார்வையும் குறைவாக இருந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். அசைவு எளிது, வகுப்பு எளிதல்ல. தரையில் உட்கார்ந்து எழ முடிகிறவர் பாய் வகுப்புக்கே போய்விடுவார். முடியாதவர்தான் நாற்காலிக்கு வருகிறார். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்தால், அதில் எலும்பு அடர்த்தி குறைந்தவர் இருப்பார். இடுப்பு மூட்டு மாற்றியவர், கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுபவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர், எழுந்து நின்றால் பிரஷர் இறங்கிவிடுபவர், காது மந்தமானவர், அண்மையில் துணையை இழந்தவர் எல்லோரும் இருப்பார்கள். ஒருவருக்கே இதில் மூன்றோ நான்கோ சேர்ந்து இருப்பதும் வழக்கம்தான். இத்தனை பேருக்கும் ஒரே கட்டளையை ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டு போவதுதான் வீடியோ. அது யாரையும் பார்ப்பதில்லை.

நாற்காலியிலிருந்தே தொடங்குகிறோம், பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுவதால். வேண்டியது சக்கரம் இல்லாத, இருக்கை கெட்டியாகவும் தட்டையாகவும் உள்ள, நாலு காலும் தரையில் பதிகிற நாற்காலி. கைப்பிடி இல்லாவிட்டால் கை அசைவுக்கு வசதி. ஆனால் கையை ஊன்றித்தான் எழ முடியும் என்பவருக்குக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். இருக்கையின் உயரம் 43 முதல் 46 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒன்றரை அடி, என்பது நடுத்தர உயரக்காரருக்குப் பொருந்தும். அதே நாற்காலியில் குள்ளமானவர் உட்கார்ந்தால் பாதம் தொங்கும். இருக்கை விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்த, சற்று நேரத்தில் கால் மரத்துப்போகும். அந்தக் காலோடு அவர் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் பாதத்துக்கு அடியில் ஒரு கெட்டிப் பலகை போதும். நெட்டையானவருக்குச் சிக்கல் வேறு: முழங்கால் இடுப்பைவிட மேலே வந்து, இடுப்பு பின்னால் சரிந்து, முதுகு தானாகக் கூனும். இருக்கையில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டால் சரியாகிவிடும். ஒரு பலகை, ஒரு கம்பளி, அவ்வளவுதான் செலவு. ஆனால் யாருக்கு எது என்று பார்க்க ஓர் ஆள் கூடத்தில் இருக்கவேண்டும்.

ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தயவுசெய்து இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வழவழப்பான டைல்ஸில் அதன் கால்கள் விரிந்து நழுவும். முன்விளிம்புக்கு எடை வந்தால் பின்கால்கள் எழும்பும். நல்ல நாற்காலியைக்கூட வழுக்காத விரிப்பின்மேல் போட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி வைப்பதே முறை. சாக்ஸ் போட்ட கால் டைல்ஸில் வழுக்கும். வெறுங்கால் அல்லது பிடிப்புள்ள காலணி வேண்டும். சோபாவில் உட்கார்ந்து செய்வது வீண், இடுப்பு அமிழ்ந்துபோனால் முதுகு நிமிராது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டு பக்கப் பிரேக்கும் போட்டு, கால்மிதிகளை மடக்கி, பாதத்தைத் தரையில் பதிய வைத்த பிறகே எதையும் தொடங்கலாம். கால்மிதியில் எடையை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் குனிந்தால் நாற்காலியோடு கவிழ வாய்ப்பு உண்டு. “வசதியாக உட்காருங்கள்” என்று இரண்டே சொல்லில் இதையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறது உங்கள் வீடியோ.

இனி ஓர் அசைவை மட்டும் எடுத்து, கிட்டப் போய்ப் பார்ப்போம். பல வீடியோக்களில் வருவதுதான்: காலை அகட்டி, மூச்சை விட்டபடி குனிந்து, தலையைத் தொங்கவிட்டுக் கையால் தரையைத் தொடுவது. பார்ப்பதற்கு இதமாக இருக்கும். எலும்பு அடர்த்தி குறைந்த முதுகுக்கு இது ஆபத்து. முதுகு வளைந்து குனியும்போது முள்ளெலும்புகளின் முன்விளிம்பில் எடை ஏறுகிறது. உளுத்த எலும்பு அந்த இடத்தில் நசுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். விழவும் வேண்டாம், இடிபடவும் வேண்டாம், குனிந்தாலே முறியலாம். அன்றைக்குப் பெரிய வலிகூட இல்லாமல் போகலாம். பிறகு உயரம் குறைந்து கூன் விழுந்ததும்தான் வீட்டார் கவனிப்பார்கள். டிவி வகுப்பில் நடந்தது என்று யாரும் முடிச்சுப்போட்டுப் பார்க்கமாட்டார்கள். “இதுவரை புகார் ஒன்றும் வரவில்லையே” என்று நீங்கள் சொல்லும்போது இதைத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

இது நேற்று வந்த எச்சரிக்கை அல்ல. முதுகெலும்புப் புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறையும் நோய், உள்ள 59 பெண்களைத் தொடர்ந்து கவனித்து சினாகி, மிக்கெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிதாக எலும்பு நசுங்கியிருந்தது. பின்னால் நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 16 விழுக்காடு. ஆய்வு சிறியதுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு யாரையும் தரையைத் தொடச் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

பதிலுக்கு நாங்கள் சொல்லித்தருவது, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்குவது. பாதங்கள் இடுப்பகலம். உள்ளங்கைகள் தொடைமேல். சாய்மானத்திலிருந்து ஒரு கையகலம் முன்னால் தள்ளி உட்கார்ந்து, பிட்டத்துக்கு அடியில் தட்டுப்படும் இரண்டு எலும்புகளிலும் எடையைச் சமமாக இறக்கவேண்டும். மூச்சை இழுக்கும்போது உச்சந்தலை உயர்கிறது. விடும்போது நெஞ்செலும்பை முன்னால் நீட்டி, முதுகைப் பலகைபோல வைத்துக்கொண்டு சாயவேண்டும். கை தொடைமேல் வழுக்கி முழங்காலை எட்டியதும் நிறுத்தம். அதற்குமேல் தேவையில்லை. பார்வை இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் இருக்கட்டும், ஏனென்றால் பார்வை கால்விரலுக்கு வந்தால் தாடை இறங்கும், தாடை இறங்கினால் மேல்முதுகு வளையும். மூச்சை இழுத்து நிமிர்வது. ஐந்து முறை. இதில் முதுகு வளைகிறதா, இடுப்பு மடங்குகிறதா என்பது முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் நின்றால்தான் தெரியும். ஆசிரியர் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவது ஏன் என்று ஒரு நிர்வாகி எரிச்சலோடு கேட்டதுண்டு. இதற்காகத்தான்.

தலையைத் தொங்கவிடுவதில் இன்னொரு வினையும் இருக்கிறது. தலை நெஞ்சுக்குக் கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், கிளாக்கோமா உள்ளவருக்கு அது கூடாது. பிரஷர் உள்ளவருக்கு நிமிரும்போது தலைசுற்றும்.

மற்ற அசைவுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவது வேண்டாம், பின்னால் சாயும் பாதிவட்டத்தில்தான் கழுத்து எலும்பு நெரிபடுகிறது, தலைசுற்றல்காரருக்கு சுற்றலும் அங்கேதான் தொடங்கும். வலம் இடம் திரும்புவதும், காதைத் தோள்பக்கம் சாய்ப்பதும் போதும். இடுப்பு மூட்டு மாற்றியவர் கால்மேல் கால் போடவோ முழங்காலை நெஞ்சுவரை இழுக்கவோ தன் அறுவை மருத்துவரைக் கேட்காமல் முயலக்கூடாது. மூட்டு நழுவும் ஆபத்து உண்டு. உடலைத் திருப்பும்போது நாற்காலி முதுகைப் பிடித்து இழுத்துத் திருப்பவே கூடாது. விலா முதலில் திரும்பட்டும், கை அதன் பின்னால் போகட்டும். பக்கவாதத்தில் தளர்ந்த கையை நல்ல கையால் பிடித்துத் தலைக்கு மேலே இழுப்பதுதான் நாங்கள் அதிகம் தடுத்து நிறுத்தும் தவறு. அந்தத் தோள் மூட்டைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. இழுத்தால் குழியிலிருந்து நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். வீடியோவில் “இரண்டு கையையும் கோத்து மேலே தூக்குங்கள்” என்றதும், எல்லோரையும்போலத் தானும் செய்யவேண்டும் என்ற ஆசையில் அவர் சரியாக அதைத்தான் செய்வார். மேசைமேல் ஒரு துண்டை விரித்து, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளச் சொன்னால் அவருக்கும் பயிற்சி ஆயிற்று, தோளுக்கும் தொந்தரவில்லை.

முடிக்கும் நேரத்தில் வீடியோ வணக்கம் சொல்லி அணைந்துவிடுகிறது. விழுவது அதன் பிறகு. வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர் சட்டென எழுந்தால் ரத்தம் காலில் தங்கி பிரஷர் இறங்கும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கணக்கிடுகிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இது சாதாரணம். ஆகவே எழுவதற்கு முன் குதிகாலையும் நுனிக்காலையும் மாறிமாறித் தூக்கி 15 முறை, கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுவதற்காக. பிறகு பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை சாய்ந்து, கையை ஊன்றி எழுவது. நின்றதும் நாற்காலியைப் பிடித்தபடி மனதுக்குள் பத்துவரை எண்ணிய பிறகே முதல் அடி.

அடுத்தது மூச்சு. “ஆழமாக இழுங்கள், இன்னும் ஆழமாக” என்று ஓயாமல் சொல்லும் வழக்கத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. ஆழமாகவும் வேகமாகவும் இழுத்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாகும், விரல்நுனியும் உதட்டோரமும் சுரீரென்று மரத்துப்போகும். ஏற்கெனவே படபடப்பு உள்ளவருக்கு அது நெஞ்சடைப்பு மாதிரியே தோன்றும். அமைதிக்காக ஆரம்பித்த பயிற்சி பயத்தில் முடியும். உதவுவது ஆழமல்ல, மெதுவாக விடுவது. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது. அந்தப் பகுதியை நீட்டுகிறோம், அவ்வளவுதான். 4 எண்ணிக்கையில் இழுத்து 6 எண்ணிக்கையில் விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இடம், தொடங்குகிற இடமல்ல. பலருக்கு 2 இழுத்து 3 விடுவதுதான் முதல் வாரத்தில் முடியும். நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு எண்ணிக்கையே வேண்டாம். உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்திச் சுடர் அணையாமல் ஆடும் அளவுக்கு ஊதினால் போதும். மூச்சை உள்ளே பிடித்து நிறுத்துவதும், வயிற்றைக் குத்திக் குத்தி வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகாவும் பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் இருக்கும் கூடத்தில் இடம்பெறவே கூடாது. சில வீடியோக்களில் இவை “புத்துணர்ச்சிக்கு” என்று சேர்க்கப்பட்டிருக்கின்றன. போடுவதற்கு முன் முழுதாக ஒருமுறை பார்த்தீர்களா?

மைண்ட்ஃபுல்னெஸ் என்று எல்லோரும் சொல்லும் கவனத் தியானத்துக்கு வருகிறோம். இதற்கு ஆள் தேவையில்லை என்பது இன்னும் பெரிய தவறு. உடம்பு தவறாக அசைந்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்காவது தெரியும். மனம் சறுக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது.

“மனதைக் காலியாக்குங்கள்” என்றுதான் பல ஆப்கள் தொடங்குகின்றன. மனம் காலியாகாது. காலியாகவில்லையே என்று அந்தப் பெரியவர் தன்னையே நொந்துகொள்வார், இரண்டாம் நாள் “எனக்கு இதெல்லாம் வராது” என்று எழுந்து போய்விடுவார். கவனத் தியானத்தில் செய்யச் சொல்வதே வேறு: கவனம் ஓரிடத்தில் நிற்கும், ஓடும், ஓடியதைக் கண்டுகொள்வோம், திட்டாமல் கூட்டிவருவோம். ஐந்து நிமிடத்தில் ஐம்பது முறை ஓடினால் ஐம்பது முறை கூட்டிவந்த பயிற்சி. நீங்கள் சுவரொட்டியில் போடும் “மன மீள்திறன்” என்பது இந்தக் கூட்டிவரும் வேலைதான். துக்கமே வராமல் இருப்பதற்கு அந்தப் பெயர் இல்லை. துக்கம் வந்து, அதிலேயே நாள் முழுக்க மூழ்காமல், மாலைக்குள் கரைக்குத் திரும்ப முடிவதற்குத்தான்.

அடுத்து, கண்ணை மூடச் சொல்வது. அண்மையில் இழப்பைச் சந்தித்தவருக்கும், பழைய அதிர்ச்சி எதையாவது சுமந்துகொண்டிருப்பவருக்கும் கண்ணை மூடினால் இருட்டில் அந்தக் காட்சிதான் வரும். “உங்கள் நெஞ்சைக் கவனியுங்கள், வயிற்றைக் கவனியுங்கள்” என்று உடலை அங்குலம் அங்குலமாகக் கவனிக்கச் சொன்னால், வலியோடும் பயத்தோடும் இருக்கும் இடத்தில் அவரைத் தனியாகப் பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். தியானத்தால் பக்கவிளைவே இல்லை என்பது வெறும் நம்பிக்கை. 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, பதற்றம், மனச்சோர்வு போன்ற விரும்பாத விளைவுகள் சுமார் 8 விழுக்காட்டினருக்கு வந்ததாகக் கணக்கிட்டது. பன்னிரண்டு பேர் வகுப்பில் அது ஏறத்தாழ ஒரு ஆள்.

அந்த ஓர் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்காலி விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கணு வெளுக்கும். மூச்சு வயிற்றை விட்டுக் கழுத்தெலும்புக்கு ஏறும். முகம் அசைவற்று இறுகும், அல்லது கண் திறந்திருந்தும் பார்வை எங்கோ இருக்கும். கண்ணீர் மட்டும் வந்தால் பயப்படத் தேவையில்லை, அழுகை பெரும்பாலும் நல்லதே. இறுக்கம்தான் கவலைக்குரியது. அப்போது ஆசிரியர் செய்வது: எதிரே போய், தொடாமல், பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிடுவது. கண்ணைத் திறக்கச் சொல்வது. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தச் சொல்வது. கூடத்தில் கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்வது. பெரும்பாலும் சில நிமிடங்களில் ஆள் திரும்பிவிடுவார். டிவியால் யார் பெயரையும் கூப்பிட முடியாது.

ஆகவே எங்கள் வகுப்பில் கண்ணை மூடுவது கட்டாயமல்ல. பாதிக்கண்ணோடு தரையைப் பார்க்கலாம். மூச்சுதான் பிடிமானம் என்றும் இல்லை. மூச்சுத்திணறல் உள்ளவரை மூச்சைக் கவனிக்கச் சொன்னால் திணறல்தான் பெரிதாகத் தெரியும். அவருக்கு உள்ளங்கை, உள்ளங்கால், அல்லது வெளியே கேட்கும் ஓசை. காதுகேள் கருவி வைத்திருப்பவர் கண்ணை மூடினால் உதட்டசைவு தெரியாது, கட்டளையில் பாதி போய்விடும். அவரை நேர் எதிரே உட்காரவைக்கவேண்டும். மறதி நோய் தொடங்கியவருக்கு ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு செயல். இரண்டாவதை முதலாவது முடிந்த பிறகே சொல்லவேண்டும். வீடியோ ஒரே மூச்சில் நான்கைச் சொல்லும்.

நாங்கள் அதிகம் நம்புவது மூன்று நிமிடப் பயிற்சி ஒன்றை. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் உருவாக்கிய சிகிச்சை முறையில் வருவது. முதல் நிமிடம்: இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, பெயரிடுவது. “கவலை.” “எரிச்சல்.” “தொண்டையில் அடைப்பு.” ஏன் வந்தது என்று தோண்டக்கூடாது, பெயர் மட்டும். இரண்டாம் நிமிடம்: கவனத்தை ஒரே இடத்தில் குவிப்பது, மூச்சிலோ உள்ளங்கையிலோ. மூன்றாம் நிமிடம்: அங்கிருந்து உடல் முழுக்க விரிப்பது, இருக்கை தாங்குவதையும் தரை தாங்குவதையும் உணர்ந்தபடி. மணற்கடிகாரத்தின் வடிவம் என்று சொன்னால் பெரியவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். தவறு பெரும்பாலும் முதல் நிமிடத்தில்தான் நடக்கும். பெயரிடுவதற்குப் பதில் கதைக்குள் போய்விடுவார்கள்: மகன் ஏன் போன் செய்யவில்லை, போன மாதமும் இப்படித்தான்… ஆசிரியர் அங்கே குரல் கொடுத்து, “அதற்கு ஒரே சொல்லில் பெயர்?” என்று கேட்கவேண்டும். வருத்தம் என்று பதில் வந்தால் போதும், அடுத்த நிமிடத்துக்குப் போகலாம்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் உங்கள் விளம்பரத்தில் இருக்கிற அளவுக்கு இல்லை. ஜான் கபட்-ஸின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய, கவனத் தியானம் வழியான மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி 8 வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினப் பயிற்சி, நடுவில் ஒரு முழுநாள் என்று அமைந்தது. ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த அளவுப் பயிற்சியையும் இதை ஒட்டியவற்றையும் பற்றியவை. 2014இல் 47 ஆய்வுகளை, 3,515 பேரை வைத்துச் செய்த தொகுப்பு மதிப்பீடு, பதற்றத்திலும் மனச்சோர்விலும் வலியிலும் சிறிய முதல் மிதமான அளவு முன்னேற்றம் உண்டு என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் அதே மதிப்பீடு சொன்னது. மேலே சொன்ன மனச்சோர்வுச் சிகிச்சை முறையை வைத்து டீஸ்டேல் குழு செய்த 2000ஆம் ஆண்டு ஆய்வில், மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் அது திரும்புவது 66 விழுக்காட்டிலிருந்து 37 ஆகக் குறைந்தது. இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. யாருக்கு, எவ்வளவு, யார் நடத்தி என்பதைப் பொறுத்ததே எல்லாம். ஆசிரியரையும் 8 வாரத்தையும் கழித்துவிட்டு, பலன் பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டுவது நேர்மையல்ல. மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து முடிவெடுத்தால் பொறுப்பு யாருடையது?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். இரவுப் பணிக்கு ஆள் போதவில்லை என்று பராமரிப்பாளர்கள் முறையிடும்போது, பதிலுக்கு அவர்களுக்கு “மன மீள்திறன் பயிற்சி” ஏற்பாடு செய்கிறீர்கள். அந்த வகுப்புக்கு எங்களையே கூப்பிடுகிறீர்கள். வருகிறோம், மூச்சு சொல்லித்தருகிறோம். ஆனால் இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்வதால் வரும் களைப்புக்கு மூச்சு மருந்தல்ல. யோகா தினமான ஜூன் 21 அன்று பதாகை கட்டி, எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுத்து, மறுநாள் நாற்காலியை அடுக்கிவைப்பதும் இதே வகைதான்.

வீடியோவே கூடாது என்று சொல்லவில்லை. ஆசிரியர் வராத நாளில், அவர் பார்த்துத் தேர்ந்தெடுத்த பத்து நிமிடப் பதிவை, ஏற்கெனவே கற்றவர்களுக்கு, ஒரு பராமரிப்பாளர் கூடவே நின்று போடலாம். பாதம், கணுக்கால், தோள், உள்ளங்கை அசைவுகள், நீண்ட மூச்சு, அவ்வளவுடன் அது நிற்கவேண்டும். முன்குனிவு, திருகல், கண்ணை மூடிய நீண்ட தியானம் ஆகியவை அதில் இருக்கக்கூடாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நிறுத்திய வகுப்புகளை வாரத்துக்கு இரண்டு நாளாவது, 45 நிமிடம், நேரில் ஆசிரியர் வந்து நடத்தும்படி மீண்டும் தொடங்குங்கள். ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். சக்கர நாற்காலியிலோ மறதி நோயோடோ மூவருக்கு மேல் இருந்தால் உங்கள் பணியாளர் ஒருவரும் கூடத்தில் இருக்கட்டும். சுவரோரம் செல்போன் பார்த்துக்கொண்டு அல்ல, வட்டத்துக்குள்.

வகுப்பில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு தாருங்கள்: எலும்பு அடர்த்தி, மாற்றிய மூட்டுகள், கண் அழுத்தம், பிரஷர் மாத்திரை, தலைசுற்றல், பக்கவாதம், நுரையீரல், காது, கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா, அண்மையில் இழப்பு உண்டா. உரியவர் சம்மதத்தோடு, ஆசிரியர் மட்டும் பார்க்கும்படி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

நாற்காலிகளை மாற்றுங்கள். எல்லாவற்றையும் அல்ல, இந்த வகுப்புக்கான பன்னிரண்டை. அதோடு நான்கு பலகை, நான்கு கம்பளி, வழுக்காத விரிப்புகள்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழ் சுவரைப் பார்க்காமல், கேள்வி கேளுங்கள். எலும்புப் புரை உள்ளவருக்கு முன்குனிவை எப்படி மாற்றுவீர்கள், தியானத்தின் நடுவில் ஒருவர் உறைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்ற இரண்டுக்கும் திணறாமல் பதில் வராவிட்டால் எங்களில் ஒருவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் நடந்த தலைசுற்றல், சறுக்கல், வலி, அழுகை, பதற்றம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வீடியோ ஓடும் நாள்களிலும். இன்று அப்படி ஒரு நோட்டு இல்லாததால்தான் புகாரும் இல்லை. பலன் பட்டியல் சுவரொட்டியை எடுத்துவிட்டு, “மருந்தை மருத்துவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள்” என்ற ஒரு வரியை அங்கே ஒட்டுங்கள்.

பராமரிப்பாளர்களின் பணிப்பளுவை வகுப்பிலிருந்து பிரித்து, தனிப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பணமும் ஆகாது. அடுத்தமுறை அந்த 20 நிமிட வீடியோ ஓடும்போது, டிவியைப் பார்க்காமல், கூடத்தின் பக்கவாட்டில் நின்று பெரியவர்களைப் பாருங்கள். எத்தனை பாதங்கள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன என்று எண்ணி, அந்த எண்ணை உங்கள் பதிலில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நாற்காலி யோகாவும் கவனத் தியானமும் கற்பிக்கும் ஆசிரியர்கள்